கராகுரி போட்டிக்கு முதல் பொம்மை: குட்டிக்கரணம் போட வைப்பது எப்படி?

ஜப்பானிய மொழியில் கராகுரி என்றால் பொறியமைப்பு என்றும் பொருள், சூட்சுமம் என்றும் பொருள். தானாக அசையும் பொம்மை செய்து காட்டும் இந்த வகைப் போட்டிக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் பல்சக்கரத்திலும் மோட்டாரிலும் கை வைக்க வேண்டாம். எடையை மட்டும் நம்புங்கள்.

ஹோசோகாவா யோரினாவோ 1796-இல் வெளியிட்ட 'கராகுரி சூயி' நூலில் படிக்கட்டில் கரணம் அடித்தபடி இறங்கும் பொம்மை ஒன்று இருக்கிறது. அதன் உடலுக்குள் பாதரசம் ஓடும். பாதரசம் பள்ளமான பக்கம் போய்ச் சேர, அந்த எடையில் பொம்மை புரளும். பாதரசம் நஞ்சு, நாம் தொடவே கூடாது. கோலிக்குண்டு போதும்.

தேவையானவை: சமையலறை அலுமினியத் தாள், 16 மி.மீ. கோலி ஒன்று, சுமார் 20 மி.மீ. தடிமனுள்ள போர்டு மார்க்கர், மூடியுள்ள டிபன் டப்பா, ஒரு பலகை, பழைய பருத்தித் துணி.

1. அலுமினியத் தாளை 13 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்தில் வெட்டுங்கள். நீளவாக்கில் மார்க்கர்மேல் சுற்றினால் இரண்டு சுற்று வரும். இறுக்கிச் சுற்றாதீர்கள், கோலி உள்ளே தாராளமாக உருள வேண்டும்.

2. ஒரு முனையில் 1 செ.மீ. தாளை வெளியே நீட்டி, உள்பக்கமாக மடித்து மூடுங்கள். மார்க்கரை உருவிவிட்டுக் கோலியைப் போட்டு, மறுமுனையையும் மூடுங்கள்.

3. இதுதான் முக்கியமான கட்டம். அந்தக் குழலை டிபன் டப்பாவில் போட்டு மூடி, இரண்டு நிமிடம் விடாமல் குலுக்குங்கள். கோலி உள்ளிருந்து இரு முனைகளையும் தட்டித் தட்டி உருட்டிவிடும். திறந்தால், கசங்கிக் கிடந்த முனைகள் முட்டையின் முனைபோல் வழவழவென்று இருக்கும். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு குளிர்ந்துவிடும். எங்காவது கூர்மை மிச்சமிருந்தால் இன்னொரு நிமிடம் குலுக்குங்கள்.

4. பெர்மனென்ட் மார்க்கரால் முகமும் உடையும் வரையுங்கள். மேலே காகிதம் ஒட்டினால் அது மெல்லியதாக இருக்கட்டும்.

5. பலகையில் துணி விரித்து, ஒரு முனைக்கடியில் இரண்டு தடித்த புத்தகங்களை வையுங்கள். பொம்மையைச் சரிவு நோக்கி நீளவாக்கில் வைத்துக் கையை எடுங்கள். கோலி கீழ்முனைக்கு ஓட, மேல்முனை தூக்கிப் புரளும். மறுபடியும் ஓடும், மறுபடியும் புரளும்.

நான் முதலில் செய்தது பாதி வழியில் படுத்துக்கொண்டது. குழல் நீளம் கூடிப்போனதுதான் காரணம். கோலியின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம் இருந்தால் போதும். புரளாமல் வழுக்கினால் துணியை மாற்றுங்கள். பக்கவாட்டில் உருண்டால் வைத்த கோணம் சரியில்லை.

போட்டி நாளில் உள்ளே கோலி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். "எப்படி?" என்று நடுவர் கேட்கட்டும், பிறகு இன்னொரு பொம்மையைப் பிரித்துக் காட்டுங்கள். துணி போட்ட பலகையையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். வழவழப்பான மேசையில் பொம்மை சறுக்கிவிடும்.