வெளிநாட்டில் ஒரு கல்யாணம், கூடவே கொஞ்சம் ஓய்வு: முதல் தடவை கிளம்பும் ஜோடிகளுக்கு

நெருங்கிய நண்பர் வீட்டுக் கல்யாணம் வெளிநாட்டில் நடக்கிறது, அப்படியே நாமும் ரெண்டு பேரும் நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிற பலர், போனதைவிட அதிகக் களைப்போடுதான் திரும்புகிறார்கள். நானும் என் கணவரும் முதல் தடவை அப்படித்தான் வந்தோம். கல்யாணத்துக்குத் தேதியும் நேரமும் இடமும் இருக்கிறது, ஓய்வுக்கு அது எதுவுமே இல்லை. மதியம் கொஞ்சம் தூங்கலாம் என்று படுத்தால் மண்டபத்திலிருந்து போன் வரும், எழுந்து போகத்தான் வேண்டியிருக்கும். அதனால் கல்யாணத்துக்குக் குறிக்கிற மாதிரியே ஓய்வுக்கும் ஒரு தேதியும் இடமும் குறித்துவிடுங்கள். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

படி 1: டிக்கெட் போடும் முன் ஆறு கட்டம் போடுங்கள்

ஒரு தாளில் ஆறு கட்டம், ஆறு நாள். முதல் நாள் போய்ச் சேருவது. இரண்டாம் நாள் உடம்பு அந்த ஊர் நேரத்துக்குப் பழகுவதற்கு. மூன்றாம் நாள் கல்யாணம். நான்காம் நாள் காலை அறையைக் காலி செய்துவிட்டு வேறு இடத்துக்குப் போகிறீர்கள். ஐந்தாம் நாள் முழுக்க உங்களுடையது, ஆறாம் நாள் திரும்புவது. விடுப்பு ஐந்து நாள்தான் என்றால் எதை வெட்டினாலும் சரி, இரண்டாம் நாளை மட்டும் வெட்டாதீர்கள்.

ஏன் ஓய்வைக் கல்யாணத்துக்கு அப்புறம் வைக்கச் சொல்கிறேன் என்றால், முன்னாடி வைத்தால் மனசு ஓய்வில் இருக்காது, என்ன உடை, எத்தனை மணிக்கு வண்டி என்றே ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று வெயில். கடற்கரையில் தோல் கருகினால் அந்தச் சிவப்பு 12 முதல் 24 மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும், அதாவது இன்று கடலில் விளையாடினால் நாளைக் கல்யாணப் போட்டோவில் தெரியும். கடலோ மலையோ, எல்லாம் கல்யாணம் முடிந்த பிறகு.

இடம் மாறுவதும் முக்கியம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தங்கியிருக்கும் அதே ஹோட்டலில் ஓய்வு எடுக்கவே முடியாது. காலைச் சாப்பாட்டுக்கு இறங்கினாலே பத்து பேர் பிடித்துக்கொள்வார்கள். பாசம்தான், ஆனால் அன்றைய நாள் போய்விடும். ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற வேறு இடம் போதும். அங்கே போய்ச் சேருவதற்கே அரை நாள் ஆகும் என்றால் விட்டுவிடுங்கள், அதே ஊரின் இன்னொரு பகுதியே நல்லது.

படி 2: அழைத்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்

தயங்காமல் செய்யுங்கள், பின்னால் வரும் மனத்தாங்கலை இது தடுக்கும். "கல்யாணத்தன்று காலையிலிருந்து ராத்திரி வரை உங்களோடுதான் இருப்போம், மறுநாள் காலை நாங்கள் கிளம்பிவிடுவோம்" என்று ஒரு மாதம் முன்பே சொன்னால் யாருக்கும் வருத்தம் வராது. அங்கே போய் நின்றுகொண்டு சொன்னால்தான் வரும்.

படி 3: காகித வேலைகள்

பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து இன்னும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய நாடுகளின் கூட்டம்) என்றால், நீங்கள் அங்கிருந்து திரும்பக் கிளம்பும் தேதிக்கு அப்புறம் 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும், கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அங்கே விசா தேவைப்படுகிறவர்கள் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள் முன்பு. அந்த 15 நாளை நம்பி உட்காராதீர்கள். 30,000 யூரோவுக்காவது மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். அழைத்தவர்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம், கல்யாண அழைப்பிதழ், ரெண்டு இடத்துக்குமான தங்கும் முன்பதிவு, இவற்றைச் சேர்த்து வைத்தால் எதற்காகப் போகிறீர்கள் என்பது விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு உடனே புரியும்.

டிக்கெட்டில் இருக்கிற பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது மாதிரியே இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறம் பெயர் மாற்றியவர்கள் இதை ரெண்டு முறை பாருங்கள்.

படி 4: பெட்டி கட்டுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் அடிபட்டது இங்கேதான். போய் இறங்கிய விமான நிலையத்தில், பெல்ட்டில் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒரு குழந்தையின் தள்ளுவண்டி மட்டும் தனியாகச் சுற்றி வந்தது, அப்புறம் பெல்ட்டே நின்றுவிட்டது. கணவரின் பெட்டி வரவில்லை. அவருடைய கல்யாண உடை, ஷூ எல்லாம் அதில். மாப்பிள்ளையின் அண்ணன் கோட்டைக் கடன் வாங்கிப் போட்டார், கை மணிக்கட்டுக்கு ரெண்டு விரல் மேலேயே நின்றது. அன்று முழுக்க அந்தக் கையை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார்.

அதனால் ரெண்டு பேருடைய கல்யாண உடையும் கேபின் பையில், உங்கள் தலைக்கு மேலே இருக்க வேண்டும். நகை, மருந்து, கண்ணாடி எல்லாம் அதிலேயே. மற்ற துணிகளை ரெண்டு செக்-இன் பெட்டியிலும் பாதிப் பாதியாகப் போடுங்கள், ஒன்று வராவிட்டாலும் ரெண்டு பேருக்கும் மாற்றுத் துணி இருக்கும். உடையை சலவைக் கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையோடு மடித்தால் சுருக்கம் குறைவாக விழும். போனதும் குளியலறையில் தொங்கவிட்டு வெந்நீரைத் திறந்து கதவைச் சாத்துங்கள், மிச்சச் சுருக்கமும் பெரும்பாலும் போய்விடும்.

பவர் பேங்க் கேபின் பையில்தான் போக வேண்டும், செக்-இன்னில் போடக்கூடாது. கேபினில் திரவம் எதுவானாலும் பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், வாசனைத் திரவியப் பாட்டிலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசுப் பொருளை வண்ணத்தாள் சுற்றி எடுத்துப் போகாதீர்கள், சோதனையில் பிரிக்கச் சொன்னால் பிரிக்கத்தான் வேண்டும். தாளைத் தனியாக மடித்து வைத்து அங்கே போய்ச் சுற்றுங்கள்.

அப்படியும் பெட்டி வரவில்லையா? விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே அந்த நிறுவனத்தின் கவுன்டரில் எழுதிக் கொடுத்து, அறிக்கையின் நகலை வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, உடைந்து வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். இடையில் வாங்கும் அவசியப் பொருட்களின் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

படி 5: அந்த இரண்டாம் நாள்

நேர வித்தியாசம் அதிகம் என்றால், ஒரு மணி நேரத்துக்குத் தோராயமாக ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடம்பு பழகும். கிழக்கே போவது மேற்கே போவதைவிடக் கடினம், ஏனென்றால் நம் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது, தள்ளித் தூங்குவது அதற்கு எளிது, முன்னால் இழுத்துத் தூங்குவதுதான் சிரமம். பகலில் வெளியே வெளிச்சத்தில் நடங்கள். மதியம் கண் சொருகினால் அலாரம் வைத்து அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். புது ஷூவை அன்றைக்கு முதல் தடவையாகப் போடாதீர்கள், ஊரிலேயே நாலு நாள் போட்டுப் பழக்குங்கள்.

கல்யாண நாளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. முழு மனசோடு இருங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள்.

படி 6: உங்கள் நாட்கள்

நான்காம் நாள் எதுவும் திட்டம் வேண்டாம். ஐந்தாம் நாளுக்கு ஆளுக்கு ஒரே ஒரு ஆசை. அவருக்கு மசாஜ், உங்களுக்குப் படகுப் பயணம் என்றால் அதோடு சரி. கார்டில் பணம் கட்டும்போது உங்கள் நாட்டுப் பணத்திலா, அந்த ஊர்ப் பணத்திலா என்று இயந்திரம் கேட்டால் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், மாற்று விகிதம் பெரும்பாலும் அதில்தான் நல்லதாக இருக்கும். சன்ஸ்கிரீனை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூசுங்கள்.

ஸ்கூபா டைவிங் ஆசை இருந்தால் அதை ஐந்தாம் நாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முங்கினால் கடைசி முங்கலுக்கும் விமானத்துக்கும் நடுவில் 18 மணி நேரமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழாகி உடம்பைப் பாதிக்கலாம். திரும்பும் விமானத்தை முடிந்தவரை மதியத்துக்கு மேல் போடுங்கள். கடைசி நாள் காலையில் அலாரம் இல்லாமல் எழுந்திருக்கலாம்.