செஸ் என்ஜின் பலத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் சொந்தமாகச் செஸ் என்ஜின், அதாவது செஸ் ஆடும் நிரல், எழுதுகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நிரல் எழுதும்போது இருக்கும் பொறுமை சோதனைக்கு வந்ததும் காணாமல் போய்விடுகிறது. "20 ஆட்டத்தில் புது வெர்ஷன் 11.5–8.5 என்று பழையதை ஜெயித்துவிட்டது, 50 எலோ கூடிவிட்டது" என்கிறார்கள். எலோ என்பது ஆடும் பலத்தைக் காட்டும் எண்.

மதிப்பெண்ணை எலோவாக மாற்றினால் 50 வருவது உண்மைதான். ஆனால் 20 ஆட்டத்துக்கு உரிய பிழை வரம்பையும் சேர்த்தால், புது வெர்ஷன் 180 எலோ கூடியும் இருக்கலாம், 60 எலோ குறைந்தும் இருக்கலாம். 100 ஆட்டத்தில் 55–45 வந்தால்கூட உறுதி இல்லை. ஐந்தில் இரண்டு ஆட்டம் டிரா ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 1000 ஆட்டத்துக்குப் பிறகும் ஏறத்தாழ 17 எலோ முன்னே பின்னே இருக்கும். 5 எலோ வித்தியாசத்தைப் பிடிக்க 10,000 ஆட்டத்துக்கு மேல் வேண்டும். மலைக்க வேண்டாம். ஆட்டத்துக்கு ஒவ்வொரு என்ஜினுக்கும் 10 நொடி, நகர்த்தலுக்கு 0.1 நொடி கூடுதல் என்று வைத்தால், நான்கு கோர் உள்ள கணினி ஓர் இரவில் சில ஆயிரம் ஆட்டங்களை முடித்துவிடும்.

இதைவிட மோசமான பழக்கம், ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே இருந்து, நமக்குச் சாதகமாக வந்ததும் நிறுத்துவது. நாள்வழியில் வரவை மட்டும் எழுதி ஐந்தொகை போடுவது போன்றது அது. நடுவில் நிறுத்தத்தான் வேண்டும் என்றால் எஸ்பிஆர்டி என்ற முறை இருக்கிறது. எப்போது நிறுத்தலாம் என்ற எல்லையை முன்கூட்டியே வகுத்துவிடும். ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபல என்ஜினை உருவாக்கும் குழுவின் சோதனைத் தளமான ஃபிஷ்டெஸ்ட் 2013 முதல் நடக்கிறது. திருத்தங்களை அங்கே இந்த முறையில்தான் ஏற்கிறார்கள், நிராகரிக்கிறார்கள்.

அப்புறம், தொடக்க நிலைகள். எப்போதும் ஆரம்பக் கட்டத்திலிருந்தே ஆடவிட்டால் என்ஜின்கள் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடக்கூடும். அப்படி வரும் 500 ஆட்டத்தில் உண்மையான தகவல் கொஞ்சம்தான். பலவகைத் தொடக்கங்கள் உள்ள தொகுப்பை எடுத்து, ஒவ்வொன்றையும் வெள்ளை கருப்பு மாற்றி இரண்டு முறை ஆடவிடுங்கள்.

சமமான நிபந்தனை என்பது சின்ன விஷயமே இல்லை. 2017 டிசம்பரில் ஆல்ஃபாஜீரோ என்ற என்ஜின் ஸ்டாக்ஃபிஷை 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா என்று தோல்வியே இல்லாமல் வென்றது. நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று கட்டிப்போட்டதால் ஸ்டாக்ஃபிஷின் நேர மேலாண்மை வீணானது, ஆராய்ந்த நிலைகளைச் சேமித்துவைக்கும் ஹாஷ் நினைவகம் 1 ஜிபிதான் என்று பலர் குறை சொன்னார்கள். 2018 இறுதியில் 1000 ஆட்ட முடிவுகளை, 3 மணி நேரமும் நகர்த்தலுக்கு 15 நொடி கூடுதலும் கொடுத்து வெளியிட்ட பிறகுதான் அந்த வாதம் பெருமளவு அடங்கியது.

நம் ஊருக்கு இன்னொன்று உண்டு. சித்திரை வெயிலில் மத்தியானம் லேப்டாப் கொதித்தால் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினாலும் அப்படியே. பழைய வெர்ஷனை இரவிலும் புதியதைப் பகலிலும் சோதித்து இரண்டையும் ஒப்பிட்டால் வெயிலைத்தான் அளந்திருப்பீர்கள். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் ஆடவிடுங்கள். ஒரே கணினியில் ஓட்டும்போது, எதிராளியின் நேரத்திலும் யோசிக்கும் பாண்டர் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரே சமயத்தில் நடக்கும் ஆட்டங்கள் உண்மையான கோர்களின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது.

விலைக்கு விற்கும் என்ஜின்களின் விளம்பரத்தில் வரும் எலோவை அப்படியே நம்பக் கூடாது. எலோ என்பது ஒரு பட்டியலுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண். என்ஜின்களுக்கான சிசிஆர்எல் பட்டியலில் உள்ள 3000-ஐ, மனித ஆட்டக்காரர்களுக்கான ஃபிடே மதிப்போடு ஒப்பிட முடியாது. உங்கள் என்ஜினை ஸ்டாக்ஃபிஷோடு மோதவிடுவதும் வீண்: 100–0 என்று தோற்றால் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதே தெரியாது. சுமார் 100 எலோ வித்தியாசத்துக்குள் இருக்கும் வெவ்வேறு என்ஜின்கள் நாலைந்தைத் தேர்ந்தெடுங்கள். தன் பழைய வெர்ஷனோடு மட்டும் ஆடினால் முன்னேற்றம் பெரும்பாலும் பெரிதாகத் தெரியும்.

கடைசியாக, எண்களை நம்புவதற்கு முன் ஆட்டக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு தோல்வியும் எப்படி வந்தது என்று பாருங்கள். நேரம் தீர்ந்தோ, விதிக்குப் புறம்பான நகர்த்தலாலோ தோற்றிருந்தால், முதலில் அந்தப் பிழையைச் சரிசெய்துவிட்டுச் சோதனையை முதலிலிருந்து ஓட்டுங்கள்.