மூன்றாவது டோ லூப்புக்குப் பூஜ்யம்

போன சனிக்கிழமை, மாலில் கடைகள் திறக்கும் முன்பே, ஐஸ் ஸ்கேட்டிங் ரிங்கின் தடுப்பில் சாய்ந்துகொண்டு ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடுகிறது. முதல் ஜம்ப் சொதப்பிவிட்டது. அதற்கப்புறம் அவள் செய்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே கூத்து.

கையுறை போடு, முழங்காலை மடக்கு, பின்னால் சாயாதே என்பதெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டாலும் ஐஸ் சொல்லிக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிட்டு, மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

"வளருகிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா வாங்கு"

பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு இது சரி. ஸ்கேட்டிங் பூட்டில் குதிகால் ஒரு நூல் தூக்கினாலும் பிளேடு நினைத்த பக்கம் திரும்பாது. இரண்டு ஜோடி காலுறை மாட்டிச் சமாளித்தவள் நான். கொப்புளம்தான் மிச்சம். லேஸையும் அவ்வப்போது மாற்றுங்கள். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஜப்பானின் நொபுனாரி ஓடாவுக்கு ஃப்ரீ ஸ்கேட் என்கிற நீண்ட நிகழ்ச்சியின் நடுவிலேயே லேஸ் அறுந்து, நிறுத்திக் கட்டிவிட்டுத் தொடர வேண்டியதாயிற்று. பாவம், அவர் பெயரை இன்னொரு தரம் இழுக்கப்போகிறேன்.

பிளேடு

துடைத்துத் துணி உறையில் போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் விட்டால் துரு.

விட்டதை உடனே பிடிக்கப் பார்ப்பது

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் போட்டியில் என் திட்டம் எளிமையானது. லூப், ஆக்ஸல், சால்காவ், டோ லூப் எல்லாம் ஜம்ப் வகைகள்; டபுள் என்றால் காற்றில் இரண்டு சுற்று, சிங்கிள் என்றால் ஒன்று. முதலில் டபுள் லூப். அப்புறம் தனி ஆக்ஸல். பாதியில் டபுள் சால்காவும் அதோடு ஒட்டி டபுள் டோ லூப்பும். கடைசியில் தனியாக ஒரு டபுள் டோ லூப். ஆக, டோ லூப் இரண்டு. அது எனக்குத் தூக்கத்திலும் வரும்.

அன்றைக்கு முதல் ஜம்ப்பில் காற்றிலேயே உடம்பு திறந்துவிட்டது, டபுள் சிங்கிளாகிப் போனது. விழவில்லை. விழுந்திருந்தால்கூட நிதானம் வந்திருக்கும். எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்ற பதற்றத்தில், ஆக்ஸலை இறங்கின வேகத்திலேயே ஒரு டபுள் டோ லூப்பை ஒட்டினேன். சுத்தமாக வந்தது. பாதியில் திட்டப்படி இன்னொன்று. கடைசியில் மூன்றாவது. அன்று நான் போட்டதிலேயே அழகான ஜம்ப் அந்த மூன்றாவதுதான். கூட்டம் கைதட்டியது, நானும் சிரித்துக்கொண்டே குனிந்து வணங்கினேன்.

மதிப்பெண் தாள் வந்தது. கடைசி டோ லூப்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி. எதிரே 0.00. ஃப்ரீ ஸ்கேட்டில் எந்த டபுள் ஜம்ப்பும் இரண்டு தடவைக்கு மேல் கணக்கில் சேராது. டிரிபிளும் (மூன்று சுற்று) குவாடும் (நான்கு சுற்று) போடுகிறவர்களுக்கு இன்னும் கறார்: இரண்டே வகையைத்தான் திரும்பச் செய்யலாம், அதுவும் இரண்டு தரம்தான். 1982இல் கோபன்ஹேகன் உலகப் போட்டியில் அமெரிக்காவின் எலைன் ஸயாக் ஆறு டிரிபிள் போட்டு ஜெயித்தார். அதில் நாலு டோ லூப். பிறகு வந்த விதியை இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

மூன்றாம் இடத்துக்கும் எனக்கும் 0.8 வித்தியாசம். டபுள் டோ லூப்பின் அடிப்படை மதிப்பு 1.30. டபுள் சால்காவுக்கும் அதே 1.30, அதை நான் ஒரு தடவைதான் போட்டிருந்தேன். கடைசியில் கால் மாற்றி சால்காவாக இறங்கியிருந்தால் போதும். இதை எழுதும்போதுகூட எரிகிறது.

ஒரு மதிப்பெண்தானே என்பவர்களுக்கு: 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் நம் மலேசியாவின் ஜூலியன் யீ முதல் சுற்றான குறுநிகழ்ச்சியில் 25ஆவது. ஃப்ரீ ஸ்கேட்டுக்குப் போனவர்கள் 24 பேர்.

அழுதுகொண்டிருந்த என்னிடம் கோச் ஓடாவின் கதையைச் சொன்னார். 2011 மாஸ்கோ உலகப் போட்டியில் குறுநிகழ்ச்சி முடிந்தபோது ஓடா இரண்டாம் இடம். ஃப்ரீ ஸ்கேட்டில் அனுமதித்ததைவிட ஒரு டிரிபிளை அதிகம் போட்டுவிட்டு ஆறாவதாக முடித்தார். வருடக்கணக்கில் உலக மேடையில் நின்றவருக்கே அந்த நாலரை நிமிடத்தில் கணக்குத் தப்பியது. பிள்ளைகளை மட்டும் குறை சொல்லி என்ன?

எனக்குக் கோபம் கோச்சுகள் மேல்தான். "விழுந்தா எழுந்திரு, சிரிச்சிட்டே போ" என்று சொல்லிக்கொடுக்கிறோம். எண்ணச் சொல்லிக்கொடுப்பதில்லை. இப்போது பயிற்சி முடிந்து மாமாக் கடையில் பசியாற உட்கார்ந்ததும் பல்குத்தும் குச்சியை எடுத்து மேசையில் வைப்பேன். ஒவ்வொரு வகை டபுளுக்கும் இரண்டு குச்சி. ரொட்டி சானாய் வரும்வரை நிகழ்ச்சியை வாயாலேயே ஓட்ட வேண்டும். செய்த ஜம்ப்புக்குக் குச்சியை எடுத்துவிட வேண்டும். நடுவில் நான் "இது சிங்கிளாப் போச்சு" என்பேன். மீதியை மாணவி உடனே மாற்றிச் சொல்ல வேண்டும்.

"ஏன் டீச்சர், நல்லாத்தானே குதிச்சா?" என்று அந்தப் பெண்ணின் அம்மா கேட்டார்.

நல்லாத்தான் குதித்தாள். டோ லூப் குச்சி இரண்டும் போய், மேசையில் மூன்றாவது இல்லை என்று காட்டினேன். அவள் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அப்போ கடைசியில சால்காவ் போடலாமாக்கா?" என்றாள்.

முக்கால் சுற்றை முழுச் சுற்று என்பது

2022இல் இலியா மலினின் குவாட் ஆக்ஸலை இறக்கியதிலிருந்து பையன்கள் எல்லாருக்கும் சுற்று மேல்தான் கண். ஆனால் மிச்சச் சுற்றை இறங்கினபின் ஐஸில் தேய்த்து முடிக்கிறார்கள். கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் மதிப்புக் குறையும். அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் டபுளைச் சிங்கிளாகத்தான் எண்ணுவார்கள். ஃபோனில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பாட்டு

வெட்டுங்கள். கூடுதலாகப் போகிற ஒவ்வொரு ஐந்து விநாடிக்கும் ஒரு மதிப்பெண் போகும்.

பெற்றோர்

தடுப்புக்கு வெளியே நின்று "இன்னொண்ணு போடு!" என்று கத்தாதீர்கள். அன்றைக்கு என் அப்பா கத்தினார்.