தொண்டுக்குக் கிளம்பும் முன்

வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போகிறீர்களா? உங்களுக்கு முன் வந்தவர் என்ன செய்தார் என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. தொண்டுக்குப் போன பள்ளியில், மூன்றாம் வகுப்புக்கு நிறங்களின் ஆங்கிலப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்; பிள்ளைகள் பாட்டாகவே பாடிக் காட்டினார்கள். முன்பு வந்த நாலு பேரும் அதையேதான் நடத்தியிருந்தார்கள்!

அனாதை இல்லம் மட்டும் வேண்டாம். அங்கே பல பிள்ளைகளுக்குப் பெற்றோர் உண்டு; நன்கொடைக்காகவே பிள்ளை சேர்ப்பவர்களும் உண்டு.

நர்ஸ், கணக்கர் மாதிரி வேலை தெரியுமா? 1970-இல் தொடங்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தைப் பாருங்கள். கட்டணம் கிடையாது, செலவுக்கும் கொடுப்பார்கள்.

அப்புறம், நன்கொடையைப் பணமாகவே, மாதாமாதம் அனுப்புங்கள். நான் சுமந்துபோன இருபது ஸ்வெட்டர்களும் பெட்டியிலேயே கிடந்தன. அது வெயில் ஊர்.