காய்ச்சல் காலத்துச் சத்து மாத்திரைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அம்மாப்பேட்டையில் பகல் முழுவதும் தறிக்குழியில் உட்கார்ந்தே பழகிய என் சித்திக்கு வைட்டமின் டி குறைவு என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்ததும், மருத்துவர் 60,000 அலகு மாத்திரையை வாரம் ஒன்றாக எழுதிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் வைரஸ் காய்ச்சல் பரவ, எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் ஏறட்டும் என்று சித்தி தினம் ஒன்றாக விழுங்கிவிட்டார். நான்கே நாளில் அடுத்த அட்டை கேட்டுப் போனவரிடம், "இது வாரத்துக்கு ஒண்ணு தானுங்கம்மா" என்று மருந்துக்கடைக்காரர் சொன்ன பிறகுதான் சங்கதி வீட்டுக்குத் தெரிந்தது.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான வைட்டமின் டி 600 அலகு. அந்தக் கணக்கில், சித்தி நான்கு நாளில் எடுத்தது 400 நாள் தேவை. அதோடு நின்றதால் கேடு எதுவும் வரவில்லை. ஆனால் இது கொழுப்பில் கரைந்து உடலில் தங்கும் சத்து என்பதால், வாரக்கணக்கில் இப்படியே தொடர்ந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கும். குறைவு இருப்பவருக்கு அதை ஈடுகட்ட மாத்திரை தேவைதான். குறைவே இல்லாதவர் கூடுதலாக விழுங்குவதால் எதிர்ப்புச் சக்தி அதற்கேற்ப ஏறிவிடாது.

இதைவிடப் பரவலாக நான் பார்ப்பது துத்தநாக மாத்திரையில் நடக்கும் தவறு. கொரோனாவின்போது வாங்கிப் பழகிய 50 மில்லிகிராம் மாத்திரையை மழைக்காலம் முழுவதும் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தினசரி உச்ச வரம்பே 40 மில்லிகிராம்தான். மாதக்கணக்கில் அதைத் தாண்டினால் உடல் தாமிரத்தை உறிஞ்சுவது தடைப்பட்டு, இரத்தசோகையும் வெள்ளையணுக் குறைவும் வரலாம். அதாவது நோயை எதிர்க்கவென்று எடுத்த மாத்திரையே எதிர்க்கும் அணுக்களைக் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் வாந்தியும் வரும் என்பது இன்னொரு சிக்கல். டெங்குவில் விடாத வாந்தி ஓர் அபாய அறிகுறி என்பதால், வாந்தி நோயால் வந்ததா மாத்திரையால் வந்ததா என்று மருத்துவரே குழம்ப நேரிடும்.

காய்ச்சல் எல்லாம் வைரஸால் வருவதும் அல்ல. ஏற்காட்டுப் பக்கம் எஸ்டேட்டில் புதர் வெட்டப் போய்வந்தவருக்கு, நுண்ணிய பூச்சி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைபஸ் கூட இருக்கலாம். அதற்குத் தரும் டாக்சிசைக்ளினோடு துத்தநாகம், இரும்பு, கால்சியம் மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கினால், அவை குடலிலேயே மருந்தைப் பிடித்துவைத்து அதன் வேகத்தைக் குறைத்துவிடும். என்னென்ன சத்து மாத்திரை எடுக்கிறோம் என்பதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதுதான் இங்கே தவறு. சொல்லிவிட்டால் எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பதை அவரே சொல்லிவிடுவார்.

வைட்டமின் சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தினமும் எடுத்துவந்த பெரியவர்களுக்குச் சளி நீடிக்கும் காலம் 8 சதவீதம் அளவுக்குக் குறைந்தது, அதாவது ஒரு வாரச் சளியில் ஏறக்குறைய அரை நாள். மூக்கு ஒழுகத் தொடங்கிய பிறகு எடுத்தவர்களிடம் அந்தப் பலனும் உறுதியாகத் தெரியவில்லை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் 1,000 மில்லிகிராம் மாத்திரைகளைத் தாமாகத் தொடங்கக் கூடாது. 100 கிராம் கொய்யாவிலேயே 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி கிடைக்கும்போது, ஏற்காட்டிலிருந்து கூடை கூடையாகக் கொய்யா இறங்கும் ஊரில் இதற்கு மாத்திரை எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றும். நம் ஊர் ஜவ்வரிசிக் கஞ்சியில் இந்தச் சத்துகள் ஏதும் இல்லை. அது வெறும் மாவுச்சத்து. வாய் கசந்து கிடப்பவருக்குத் தெம்பு தரும், அவ்வளவே.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, காய்ச்சல் விட்டதும் சத்து மாத்திரை கேட்டுவிட்டது என்று நினைத்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடுவது. டெங்குவில் பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் காய்ச்சல் தானாகவே இறங்கும்; இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமாவதும் அந்த நேரத்தில்தான். உடம்பு சில்லிட்டிருக்கும்போது வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், சிறுநீர் குறைதல், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். போகும்போது வீட்டில் விழுங்கிய மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.