நாயை காரில் கூட்டிப்போகும்போது எங்கே, எப்படிக் கட்டுவது

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், கட்டாத நாய் அதே வேகத்தில் முன்னே பாயும். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமான அடி அது; முன்னால் இருப்பவர் மேலும் விழும். அதனால் பக்கத்துத் தெருவரைக்கும் என்றாலும் கட்டியே கூட்டிப்போங்கள். மடியில் பிடித்துக்கொள்வது உதவாது.

கழுத்துப்பட்டையில் கட்டவே கூடாது. பிரேக் பிடித்ததும் மொத்த எடையும் கழுத்தில் இறங்கும். மார்பைச் சுற்றி அகலப் பட்டை வரும், காருக்கென்றே செய்த ஹார்னஸ் வேண்டும். நடைக்குப் போடும் மெல்லிய ஹார்னஸில் பிளாஸ்டிக் பக்கிள் தெறித்துவிடும். பட்டைக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரியான இறுக்கம். சீட் பெல்ட்டோடு இணைக்கும் வார், நாய் உட்காரவும் படுக்கவும் மட்டும் இடம் தர வேண்டும். சீட் விளிம்பைத் தாண்ட விடக் கூடாது. வார் நீளமானால் நாய் வேகமெடுத்த பிறகே அது இழுத்து நிறுத்தும், அந்த உலுக்கலே காயப்படுத்தும். பின் சீட்தான் சரி. முன் சீட்டில் ஏர்பேக் விரிந்தால் நாயின் உயிருக்கே ஆபத்து.

கூண்டு வாங்கினால் நாய் நிற்க, திரும்ப, படுக்க இடம் இருந்தால் போதும். மிகப் பெரிய கூண்டில் நாய் உள்ளேயே தூக்கியெறியப்படும். பலரும் மறப்பது கூண்டைக் கட்டுவதை. தரையிலுள்ள கொக்கிகளில் வலுவான பட்டை போட்டு இறுக்குங்கள். கைப்பிடிக்குள் பெல்ட்டை நுழைத்தால் கைப்பிடி பிய்ந்து வரும்.

பிக்கப் வண்டியின் திறந்த பின்தளத்தில் கயிறு கட்டி ஏற்றாதீர்கள். வெளியே குதித்தால் கழுத்து இறுகித் தொங்கிவிடும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் 10 நிமிடத்திலேயே ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவதால் பெரிதாகக் குறையாது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடலைத் தணிக்கிறது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சிரமம். விடாமல் இரைத்து, எச்சில் வடிந்து, தள்ளாடினால் உடனே உடலைத் தண்ணீரால் நனைத்துக் காற்று படச் செய்து, மருத்துவரிடம் ஓடுங்கள்.

வளர்ந்த நாய்க்குக் கிளம்புவதற்கு 3, 4 மணி நேரம் முன்பே சோறு போட்டுவிட்டால் வாந்தி குறையும். தண்ணீரை நிறுத்த வேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை தராதீர்கள். மயக்கத்தில் நாயால் நிலைகொள்ள முடியாது.

இரண்டு மணி நேரத்துக்கொரு முறை வண்டியை நிறுத்துங்கள். முதலில் நடைக்கயிற்றை மாட்டிக் கையில் பிடியுங்கள், பிறகு வாரைக் கழற்றுங்கள், கடைசியில்தான் கதவு. இந்த வரிசை மாறும்போதுதான் நாய் நெடுஞ்சாலையில் பாய்ந்து ஓடும்.