டோர் லாக்கில் ஒரு துண்டு ஒயர்

எங்கள் குடியிருப்பு கோவை கணபதியில் இருக்கிறது. தரைத்தளமும் நான்கு மாடியும், பன்னிரண்டு வீடு, ஆறு பேர் ஏறும் ஒரே லிஃப்ட். மூன்று வருடமாகச் சங்கச் செயலாளர் நான்தான். அதற்கு முன்னால் இருபது வருடம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் கணக்கு எழுதினேன். ரிலே, கான்டாக்டர் எல்லாம் காதில் விழுந்த பெயர்கள்தான். இருந்தும் முதல் வருடம் லிஃப்ட்காரர்கள் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் இரண்டாவது மாடிப் பெரியம்மா கூப்பிட்டார். "அம்மிணி, இங்க கதவு தொறந்து கெடக்குது, லிஃப்ட்டு அது பாட்டுக்கு மேல போகுது கண்ணு!" ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். அவருடைய பேரனுக்கு நாலு வயது, கதவுக்குப் பக்கத்தில்தான் விளையாடுவான். மறுநாள் வேறொரு மெக்கானிக் வந்து பேனலைத் திறந்தால், டோர் லாக் டெர்மினல்களைச் சேர்த்து ஒரு துண்டு ஒயர். லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது என்று நாங்கள் முன்பே புகார் சொல்லியிருந்தோம். பராமரிப்புக்கு வந்தவர் அதைச் சரிசெய்த விதம் அது.

ஒவ்வொரு மாடிக் கதவின் பூட்டிலும் ஒரு மின் கான்டாக்ட் உண்டு. எல்லாம் வரிசையாக இணைந்திருக்கும். ஒரு கதவு திறந்திருந்தாலும் வண்டி அசையக் கூடாது. பழுது தேட மெக்கானிக்குகள் ஒரு ஒயர் போட்டு, கதவு மூடியிருப்பது போலக் காட்டிக் கொஞ்ச நேரம் ஷார்ட் செய்வார்கள். அதை எடுக்காமல் போய்விட்டால், லிஃப்ட் நிற்பதாக நினைத்துக் கதவுக்குள் கால் வைப்பவர் நேராகக் குழியில்தான் விழுவார்.

ஆகவே எந்த ரிப்பேர் முடிந்தாலும் கையெழுத்துப் போடும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். வண்டி வேறு மாடியில் இருக்கும்போது மெக்கானிக்கே ஒரு மாடிக் கதவைத் திறந்து பிடிக்கட்டும், இன்னொருவர் இன்னொரு மாடியில் பொத்தானை அழுத்தட்டும். வண்டி அசையக் கூடாது. நீங்கள் தள்ளி நின்று பாருங்கள், எட்டிப் பார்க்காதீர்கள். எங்களுக்கு ஐந்து கதவு, ஐந்தையும் பார்க்கிறோம். பத்து நிமிடம்கூட ஆகாது. "எதுக்குங்கக்கா, நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு தம்பி கேட்டார். "இருக்குது தம்பி, ஆனா பாத்துட்டுத்தான் கையெழுத்து" என்றேன்.

அப்புறம் பராமரிப்பு ஒப்பந்தம். செமி என்றால் ஆள்கூலி, எண்ணெய், கிரீஸ் மட்டும், பாகங்களுக்குத் தனிக் காசு. காம்ப்ரிஹென்சிவ் என்றால் பாகமும் சேரும் என்பார்கள். ஆனால் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். ரோப், கன்ட்ரோலர் போர்டு, தண்ணீர் புகுந்த சேதம் இவையெல்லாம் சேராது என்று பொடி எழுத்தில் இருக்கும். சொன்ன தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும், அதையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு லிஃப்ட் சட்டத்தின்படி மின் ஆய்வுத் துறையின் உரிமம் வேண்டும். அதன் காலாவதித் தேதியைச் செயலாளர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், கம்பெனி நினைவூட்டும் என்று இருக்காதீர்கள்.

பெரிய செலவு சொன்னால் அவசரப்படாதீர்கள். எங்களிடம் ரோப்பும் அது ஓடும் சக்கரமான புல்லியும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார்கள். மெஷின் ரூமுக்குக் கூட்டிப்போய்க் காட்டச் சொன்னேன். ரோப்பில் அறுந்த கம்பி இழைகள் கண்ணுக்கே தெரிந்தன, புல்லிப் பள்ளமும் தேய்ந்திருந்தது. தேய்ந்த பள்ளத்தில் புது ரோப் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும், எனவே இரண்டையும் மாற்றினோம். அந்தச் செலவில் எனக்கு வருத்தமே இல்லை. அதே தாளில் கேபின் மின்விசிறியும் கதவுப் பலகையும் எழுதியிருந்தார்கள், அவற்றை அடித்துவிட்டேன். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மாதாமாதம் வருபவருக்காக நாற்பது பக்க நோட்டு ஒன்று வாட்ச்மேன் மேசையில் இருக்கிறது. வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, கையெழுத்து. முன்பு கால் மணி நேரத்தில் கிளம்பியவர்கள் இப்போது ஒரு மணி நேரம் இருக்கிறார்கள். போகும் முன் காலி வண்டியை வைத்து மெயினை அணைக்கச் சொல்வேன். ஏஆர்டி, அதாவது மின்சாரம் போனால் பேட்டரியில் வண்டியை நகர்த்தும் கருவி, வேலை செய்தால் வண்டி பக்கத்து மாடிக்குப் போய்க் கதவு திறக்கும். இல்லையென்றால் பெரும்பாலும் பேட்டரி. மின்வாரியம் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளுக்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் லிஃப்ட்டின் அடியில் இருக்கும் குழியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் தெரிந்தால் வண்டியை மேல்மாடிக்கு அனுப்பி மெயினை அணைத்துவிடுங்கள். இறைத்து, காய்ந்து, மெக்கானிக் பார்த்த பிறகே ஓட்டலாம்.

யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் முதலில் பேச்சுக் கொடுங்கள். கேபினில் காற்று வரும், மூச்சு முட்டாது என்று சொல்லுங்கள். கதவை நெம்பி வெளியே இழுக்காதீர்கள். வண்டிக்கும் தளத்துக்கும் இடையில் இருக்கும் சந்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். மாடிக் கதவை வெளியிலிருந்து திறக்கும் சாவி எங்கள் வாட்ச்மேன் அண்ணனிடம் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. மெக்கானிக்குக்கும் தீயணைப்புத் துறைக்கும் தவிர யாருக்கும், எனக்கும்கூட, கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.